யார் கையால் போகிறது உங்கள் பி.எஃப். பணம்?

மாடி வீட்டுப் பெண் ஞாயிறு காலை காபி நேரத்துக்கு வந்து கைப்பேசியை நீட்டினாள். “மாமா, ரெண்டு கம்பெனியிலேர்ந்து ஆஃபர் வந்திருக்கு. ரெண்டுலயும் கம்பெனி வருஷத்துக்கு எனக்காகச் செலவழிக்கிற மொத்தம், அதான் சி.டி.சி., 14 லட்சத்து 60 ஆயிரம். ஒண்ணுல மாசம் கைக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு மேல வரும். இன்னொண்ணுல 99 ஆயிரம்கூட முழுசா இல்ல. இதுல யோசிக்க என்ன இருக்குன்னு அம்மா கேக்கறா.”

அம்மா கேட்டது நியாயம். வாடகையும் பால் கணக்கும் வண்டித் தவணையும் கைக்கு வரும் பணத்தில்தான் நடக்கும். ஆனாலும் கைக்குக் குறைவாக வரும் அந்த இரண்டாவது வேலையைத்தான் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். காரணம் அந்தக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், யாரும் படிக்காத பொடி எழுத்தில் இருந்தது. வருங்கால வைப்பு நிதி எவ்வளவு, எதன்மேல், என்.பி.எஸ். என்னும் தேசிய ஓய்வூதியத் திட்டம் உண்டா இல்லையா என்று மூன்று வரி.

மயிலாப்பூர் லஸ் முனையிலிருந்து ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் வடக்கே போனால் வருங்கால வைப்பு நிதி அலுவலகம் வரும். ஊரில் ‘பி.எஃப். ஆபீஸ்’ என்றால் எல்லோரும் அதைத்தான் காட்டுவார்கள். அந்தச் சாலைக்கு இன்னொரு பெயர் திரு.வி.க. சாலை. 1918-ல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் முன்நின்றவர் அவர். தொழிலாளியின் முதுமைக் காசைக் காக்கும் அலுவலகம் அவர் பெயர் கொண்ட சாலையில் வந்து அமைந்தது தற்செயல்தான் என்றாலும் பொருத்தமான தற்செயல்.

1951 நவம்பரில் அவசரச் சட்டமாக வந்து 1952-ல் முழுச் சட்டமான திட்டம் இது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் இதற்குள் வந்துவிடும். பேசிக்கும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் உங்களிடமிருந்து 12 சதவீதம் பிடிப்பார்கள், நிறுவனமும் 12 சதவீதம் போடும். நிறுவனத்தின் பங்கில் 8.33 சதவீதம் ஓய்வூதியக் கணக்குக்குப் பிரிந்துபோகும். ஆனால் அது 15,000 ரூபாய் சம்பளம் வரைக்கும்தான் என்பதால் மாதம் 1,250 ரூபாயைத் தாண்டாது. 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு முதல்முறையாக வேலைக்குச் சேர்ந்து, சேரும்போதே 15,000-க்குமேல் வாங்கியவர்களுக்கு இந்த ஓய்வூதியக் கணக்கே கிடையாது. இரண்டு பங்கும் முழுசாக பி.எஃப்.-இல் சேரும். மாடி வீட்டுப் பெண் அந்த வகை.

இதுவரை பலருக்கும் தெரியும். வரி என்று வரும்போதுதான் குழப்பம்.

ஜனவரி பிறந்தால் ஆடிட்டரும் ஆபீஸும் கேட்பது ஒரே கேள்வியாக இருந்த காலம் உண்டு: “80சி ரொம்பியாச்சா?” ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு உச்சவரம்பு. அதில் உங்கள் பங்கு பி.எஃப்., எல்.ஐ.சி. பிரீமியம், குழந்தையின் பள்ளிக் கட்டணம், வீட்டுக் கடனில் அசல் எல்லாவற்றையும் திணிப்போம். குறைந்தால் மார்ச் கடைசி வாரத்தில் ஏஜென்ட்டைத் தேடி ஓடுவோம். தேவையில்லாத பாலிசிகள் பாதிக்குமேல் அந்த ஒரு வாரத்தில் வாங்கியவைதான் என்பது என் கணிப்பு.

2020 பட்ஜெட்டில் புதிய வரி முறை வந்தது. 2023-24 முதல் அதுவே இயல்பு முறை. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் புதியதில்தான் வரி பிடிப்பார்கள். கொண்டுவந்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், 2022 அக்டோபரில் நம் மயிலாப்பூர் மார்க்கெட்டில் காய் பொறுக்கிக்கொண்டு நின்றதை ஊரே வீடியோவில் பார்த்தது. அன்று அங்கே இருந்திருந்தால் நான் கேட்டிருக்கக்கூடிய ஒரே கேள்வி: “அம்மா, எங்க 80சி எங்க போச்சு?”

போய்விட்டது. புதிய முறையில் உங்கள் சம்பளத்திலிருந்து பிடிக்கும் 12 சதவீதத்துக்கு வரிக் கழிவு கிடையாது. என்.பி.எஸ்.-இல் நீங்களாகப் போடும் கூடுதல் 50,000 ரூபாய்க்கான கழிவும் கிடையாது. ஆனால் இதைக் கேட்டதும் “புது முறையில பி.எஃப்.-க்கு ஒரு சலுகையும் இல்லையாம்” என்று பலர் முடிவுகட்டி, பிடித்தத்தைக் குறைந்தபட்ச அளவான 1,800 ரூபாய்க்குக் குறைத்துக்கொள்கிறார்கள். அங்கேதான் தப்பு நடக்கிறது.

சட்டம் ஒன்றை மட்டும் தொடாமல் விட்டிருக்கிறது: நிறுவனம் உங்கள் பெயரில் போடும் பணம். நிறுவனத்தின் பி.எஃப். பங்கு, பேசிக்கில் 12 சதவீதம் வரை, உங்கள் வருமானமாகவே எண்ணப்படுவதில்லை. நிறுவனம் உங்கள் என்.பி.எஸ். கணக்கில் போடும் பணம் முதலில் சம்பளத்தில் சேர்ந்து, பிறகு 80சிசிடி(2) பிரிவில் கழிந்துவிடும். பழைய முறையில் தனியார் ஊழியருக்கு அந்தக் கழிவு பேசிக்கில் 10 சதவீதம். 2024 ஜூலை பட்ஜெட்டுக்குப் பிறகு புதிய முறையில் 14 சதவீதம்.

ஆக, அதே ஒரு ரூபாய். உங்கள் கைக்கு வந்து, பிறகு ஓய்வுக்காலக் கணக்குக்குப் போனால் வரி உண்டு. உங்கள் கைக்கு வராமல் நிறுவனத்தின் கையாலேயே போனால் வரி இல்லை. புதிய முறையின் மொத்தச் சூட்சுமமும் இவ்வளவுதான். சி.டி.சி.-க்குள் எப்படியும் அது உங்கள் பணம்தான். யார் கையால் போகிறது என்பதை மட்டும் மாற்றினால் வரிக் கணக்கு தலைகீழாக மாறுகிறது.

சரி, மாடி வீட்டுப் பெண்ணின் கணக்கு

2025-26 நிதியாண்டின் விகிதங்களில் போட்டது. கிராஜுவிட்டி, தொழில் வரி இரண்டையும் கணக்குக்கு வெளியே வைத்துவிட்டேன்.

முதல் நிறுவனம் பி.எஃப்.-ஐச் சட்டத்தின் குறைந்தபட்ச அளவில் நிறுத்திக்கொள்கிறது. 15,000-இல் 12 சதவீதம், அதாவது மாதம் 1,800 அவர்கள் பங்கு, 1,800 அவள் பங்கு. என்.பி.எஸ். இல்லை. வருடத்துக்கு அவர்கள் பங்கு 21,600 போக சம்பளம் 14,38,400. நிலையான கழிவு 75,000 போனால் வரிக்குரிய வருமானம் 13,63,400. வரியும் 4 சதவீதம் செஸ்ஸும் சேர்ந்து 87,890 ரூபாய். கைக்கு மாதம் 1,10,742.

இரண்டாவது நிறுவனத்தில் பேசிக் 60,000. முழு பேசிக்கின்மேல் 12 சதவீதம், அதாவது 7,200 அவர்கள் போடுகிறார்கள், 7,200 அவளிடம் பிடிக்கிறார்கள். விரும்பினால் சி.டி.சி.-க்குள்ளிருந்தே பேசிக்கில் 14 சதவீதம், மாதம் 8,400 ரூபாயை, நிறுவனத்தின் பங்காக என்.பி.எஸ்.-க்குத் திருப்பிவிடலாம். அந்த விருப்பத்தை எடுத்தால் வரிக்குரிய வருமானம் 11,97,800 ஆகிறது. 12 லட்சத்துக்குள் வந்துவிட்டால் 87ஏ பிரிவின் தள்ளுபடியால் வரி பூஜ்யம். கைக்கு மாதம் 98,867.

மாதம் 11,875 ரூபாய் குறைவு, வருடத்துக்கு 1,42,510. ஆனால் அவள் பெயரில் சேரும் தொகையைப் பாருங்கள். முதல் வேலையில் வருடத்துக்கு 43,200. இரண்டாவதில் பி.எஃப். 1,72,800, என்.பி.எஸ். 1,00,800, மொத்தம் 2,73,600. ஒன்றரை லட்சத்துக்கும் குறைவாக விட்டுக்கொடுத்து 2,30,400 ரூபாய் கூடுதலாகச் சேர்க்கிறாள். நடுவில் இருக்கும் 87,890 ரூபாய்? முதல் வேலையில் வரியாகப் போயிருக்க வேண்டிய பணம்.

இரண்டாவது வேலையிலேயே சேர்ந்து என்.பி.எஸ். பெட்டியில் டிக் அடிக்க மறந்திருந்தால் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். வரிக்குரிய வருமானம் 12,98,600, வரி 77,780 ரூபாய். அதாவது மாதம் 8,400 என்.பி.எஸ்.-க்குப் போனாலும் வரி மாதம் 6,482 குறைவதால் கைக்கு வருவதில் உண்மையான இழப்பு 1,918 ரூபாய்தான். இரண்டாயிரத்துக்கும் குறைவாகக் கொடுத்தால் எட்டாயிரத்து நானூறு தருகிறேன் என்று எந்தச் சீட்டுக் கம்பெனியாவது சொன்னால் போலீசுக்குத்தான் போக வேண்டும். இங்கே அந்த விகிதத்தைச் சட்டமே தருகிறது.

ஆனால் எல்லோருக்கும் இப்படி அமையாது. 12 லட்சம் என்ற வரம்பை ஒட்டி இவள் சம்பளம் நின்றதால்தான் இவ்வளவு பெரிய லாபம். 25 லட்சம் சம்பளக்காரருக்கும் வரி மிச்சம் உண்டு, ஆனால் அவரவர் அடுக்கின் விகிதத்தில்தான் இருக்கும். சி.டி.சி. 10 லட்சம் உள்ளவருக்குப் புதிய முறையில் ஏற்கெனவே வரி கிடையாது. அவர் வரிக்காக என்.பி.எஸ்.-க்குப் போவதில் பொருளே இல்லை.

பழைய முறைக்குப் போனால் என்ன என்று ஆடிட்டர் நண்பர் ஒருவர் மடக்கினார். அதையும் போட்டுப் பார்த்தேன். மாதம் 25,000 வாடகை ரசீது, 80சி-இல் முழு ஒன்றரை லட்சம், சொந்த என்.பி.எஸ். 50,000 எல்லாம் காட்டியும் இவளுக்கு வரி ஏறத்தாழ 95,000. நிறுவனத்தின் என்.பி.எஸ். 10 சதவீதத்தையும் சேர்த்தால் 80,000-க்குக் கொஞ்சம் மேல். பூஜ்யத்தோடு எதுவும் போட்டி போட முடியாது. வாடகைப்படியும் வீட்டுக் கடன் வட்டியும் இரண்டுமே பெரிதாக உள்ள சிலருக்குப் பழைய முறை இன்னும் லாபமாக இருக்கலாம். வருமான வரித் துறையின் தளத்திலேயே ஒப்பீட்டுக் கணிப்பான் இருக்கிறது, பத்து நிமிட வேலை.

பேசிக்தான் வேர்

12 சதவீதமும் 14 சதவீதமும் பேசிக்கின்மேல் என்பதால், சி.டி.சி. எவ்வளவு என்று கேட்பதைவிட பேசிக் எவ்வளவு என்று கேட்பதுதான் புத்திசாலித்தனம். பி.எஃப். செலவைக் குறைக்கப் பேசிக்கை 30 சதவீதத்தில் நசுக்கி, மீதியை ‘ஸ்பெஷல் அலவன்ஸ்’ என்ற மூட்டைக்குள் கட்டும் பழக்கம் இங்கே நெடுநாளாக உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இதைத் தொடுகின்றன. படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியமாகவே எண்ணப்படும். ஆனாலும் 15,000 என்ற உச்சவரம்போடு பி.எஃப்.-ஐ நிறுத்திக்கொள்ளும் வாய்ப்பு நிறுவனங்களுக்கு அப்படியே இருக்கிறது. எனவே ஆஃபர் கடிதத்தைப் பார்த்ததும் கேளுங்கள்: பி.எஃப். முழு பேசிக்கின்மேலா, 15,000-இன்மேலா? சேர்ந்தபின் கேட்டால் பல நிறுவனங்களில் “ஜாயின் பண்ணும்போது நீங்க எடுத்த ஆப்ஷன்தான்” என்று பதில் வரும்.

என்.பி.எஸ்.-இன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் ஏஜென்ட் மாதிரி ஆகிவிடுவேன். இந்தப் பணம் பெரும்பாலும் 60 வயது வரை உள்ளேதான். சந்தையோடு ஏறி இறங்கும், பி.எஃப். மாதிரி அறிவித்த வட்டி கிடையாது. ஓய்வின்போது 60 சதவீதம் வரை மொத்தமாக எடுப்பதற்கு வரி இல்லை. ஆனால் ஆண்டுத்தொகைத் திட்டத்தில் போட்டு மாதாமாதம் வாங்கும் ஓய்வூதியம் வருமானம்தான், அந்தந்த வருடத்து விகிதத்தில் வரி உண்டு. இன்னொரு கொக்கி பலர் கண்ணில் படுவதில்லை. மூன்று வருடத்துக்குப்பின் குழந்தையின் படிப்பு, மருத்துவம், வீடு போன்ற காரணங்களுக்காகப் பகுதித் தொகை எடுக்கலாம், ஆனால் நீங்கள் போட்ட பணத்தில் 25 சதவீதம்தான். நிறுவனம் போட்டது அந்தக் கணக்கில் வராது. உங்கள் சி.டி.சி.-யிலிருந்து உங்கள் விருப்பத்தால் போனதுதான் என்றாலும், சட்டத்தின் கண்ணில் அது நிறுவனத்தின் பணம். நிறுவனத்தின் கையால் போனதற்கு வரியும் இல்லை, நடுவில் தொடும் உரிமையும் இல்லை. அடுத்த மூன்று நான்கு வருடத்தில் கல்யாணம், வீட்டுக்கு முன்பணம் என்று செலவு வரிசையில் நிற்பவர்கள் முழு 14 சதவீதத்தையும் பூட்டிவிடக் கூடாது. 5 சதவீதமோ 7 சதவீதமோ எடுத்துக்கொள்ள விடும் நிறுவனங்கள் உண்டு.

போடும்போது மட்டும் வரிச் சலுகை பார்ப்பதே நம் பழக்கம். ஓய்வுக்காலப் பணத்துக்கு வரி மூன்று இடத்தில் வரலாம்: போடும்போது, வளரும்போது, எடுக்கும்போது. பி.எஃப்.-இல் புதிய முறை அடைத்தது முதல் கதவில் உங்கள் பங்குக்கான பாதியை மட்டும். வட்டிக்கு வரி இல்லை, ஐந்து வருடத்துக்குப்பின் எடுத்தால் அதற்கும் வரி இல்லை. 2024-25-க்கு வட்டி 8.25 சதவீதம். மயிலாப்பூர் பெரியவர்கள் 1872-இல் தொடங்கிய ‘மயிலாப்பூர் ஃபண்டு’ம் வங்கி வைப்பும் தவிர வேறெதையும் நம்ப மாட்டார்கள். அந்த நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே வரும் வட்டி முழுதும் வருமானம். 30 சதவீத அடுக்கில் இருப்பவர் 8.25 சதவீதத்தை வரிபோகக் கையில் பார்க்க வேண்டுமென்றால், வரிக்குட்பட்ட வைப்பு ஒன்று ஏறத்தாழ 12 சதவீதம் தர வேண்டும். எந்த நல்ல வங்கியும் தராது.

அதனால்தான் கழிவு இல்லாவிட்டாலும் வி.பி.எஃப். என்னும் தன்விருப்பச் சேர்ப்புக்குப் புதிய முறையிலும் அர்த்தம் இருக்கிறது. ஒரே எல்லை: உங்கள் பங்கு வருடத்துக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதியின் வட்டிக்கு வரி உண்டு. 2021 ஏப்ரல் 1 முதல் இந்த விதி. மாதத்துக்கு 20,833 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடி வீட்டுப் பெண்ணுக்கு 7,200 ஏற்கெனவே போவதால், இன்னும் 13,600 ரூபாய் வரை இடம் இருக்கிறது. தாண்டினால் மொத்தத்துக்கும் வரி விழாது, தாண்டியதன் வட்டிக்கு மட்டும்தான். சிலர் பயந்துபோய் பி.எஃப்.-ஐயே நிறுத்தச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

நிறுவனத்தின் பக்கத்துக்கும் ஒரு எல்லை உண்டு. பி.எஃப்., என்.பி.எஸ்., சூப்பர் ஆனுவேஷன் மூன்றிலும் சேர்த்து நிறுவனம் வருடத்துக்கு ஏழரை லட்சத்துக்குமேல் போட்டால், மிகுதி உங்கள் வருமானம். 12-ம் 14-ம் சேர்ந்த 26 சதவீதம் அந்த எல்லையை முட்ட, பேசிக் மாதம் 2 லட்சத்து 40 ஆயிரம் இருக்க வேண்டும். அந்த உயரத்தில் இருப்பவர்களுக்குச் சொந்த ஆடிட்டர் இருப்பார், இந்தக் கட்டுரை தேவைப்படாது.

வேலை மாறும்போது கை வைக்காதீர்கள்

வரிச் சலுகையை ஒரே நாளில் திருப்பிக் கொடுக்கும் வழி இது. தொடர்ந்து ஐந்து வருடம் முடியுமுன் பி.எஃப்.-ஐ எடுத்தால், அதுவரை தள்ளி நின்ற வரியெல்லாம் திரும்பி வரும். நிறுவனம் போட்டதும் அதன் வட்டியும் சம்பளமாகும். உங்கள் பங்கின் வட்டி பிற வருமானமாகும். முன்பு 80சி-இல் கழித்துக்கொண்டிருந்தால் அந்தக் கழிவும் ரத்து. 50,000 ரூபாய்க்குமேல் எடுத்தால் பான் எண் கொடுத்திருந்தாலும் 10 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். உடல்நலம் கெட்டு வேலை போனாலோ, நிறுவனமே மூடிவிட்டாலோ இந்த வரி கிடையாது.

கவனியுங்கள், ஐந்து வருடம் ஒரே நிறுவனத்தில் இருக்க வேண்டியதில்லை. யூ.ஏ.என். என்னும் உங்கள் நிரந்தர பி.எஃப். எண்ணின்கீழ் பழைய கணக்கைப் புதியதற்கு மாற்றிக்கொண்டால் பழைய சேவையும் சேர்ந்து எண்ணப்படும். மூன்று கம்பெனி மாறியவருக்கும் இது பொருந்தும். மாற்றாமல் எடுத்தவருக்குத்தான் இடி.

நானே அந்த இடியை வாங்கியவன். 1993-இல், 26 வயதில், மூன்றே வருடத்தில் ஒரு வேலையை விட்டேன். பி.எஃப்.-ஐ மாற்றும் படிவத்துக்குப் பதில், எடுக்கும் படிவத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். ஏறத்தாழ 18,000 ரூபாய் வந்தது. அதில் ஒரு ஸ்கூட்டர் வாங்கி மாட வீதியைச் சுற்றினேன். அந்தக் காலத்தில் பி.எஃப். வட்டி 12 சதவீதம், 1999-2000 வரைக்கும் அதே விகிதம்தான். தொடாமல் விட்டிருந்தால் அந்த ஏழு வருடத்தில் மட்டும் 39,800 ஆகியிருக்கும். ஸ்கூட்டரைப் பழைய விலைக்குப் போட்டபோது கிடைத்ததை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

வரியே கட்டாதவருக்கு?

தி.நகரில் துணிக்கடையில் நிற்பவர், தெற்கு மாட வீதிக் கடையில் பில் போடுபவர், லஸ்ஸில் மருந்துக்கடையில் வேலை செய்பவர் ஆகியோரின் சம்பளம் வருமான வரி எல்லைக்கு எட்டாது. வரிச் சலுகை என்று சொல்லி அவர்களிடம் பி.எஃப்.-ஐ விற்பது ஏமாற்று. அவர்களுக்கான ஆதாயம் வேறு. முதலாவது, முதலாளி போடும் 12 சதவீதம். அடுத்து, கூடவே வரும் காப்பீடு: வேலையில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை, இதற்கு ஊழியர் ஒரு பைசா கட்டுவதில்லை. பத்து வருடச் சேவை முடித்தால் 58 வயதில் ஓய்வூதியமும் உண்டு. அது பெரிய தொகை அல்ல. சராசரிச் சம்பளத்தைச் சேவை வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 15,000 சம்பளத்தில் 30 வருடம் உழைத்தவருக்கு மாதம் ஆறாயிரத்துச் சொச்சம் ரூபாய். இன்றைய மயிலாப்பூரில் ஓர் அறையின் வாடகைக்கே போதாது. ஆனாலும் “பி.எஃப். வேண்டாம், கையில் கொடுத்துடுங்க” என்று கேட்பவர், முதலாளியின் பங்கையும் காப்பீட்டையும் சேர்த்தே வேண்டாம் என்கிறார். அவர்கள் பார்க்க வேண்டியது வரியை அல்ல, பாஸ்புக்கை. பிடித்த பணத்தை நிறுவனம் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். உமங் செயலியில் கட்டப்பட்டிருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து காலியாக இருந்தால் திரு.வி.க. சாலைக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.

லண்டனில் இருக்கும் உறவினர்கள் தங்கள் ஊர் ஏற்பாடு எளிது என்பார்கள். அங்கேயும் இதே ‘யார் கையால்’ கேள்வி உண்டு. ஒரு வகைத் திட்டத்தில் நீங்கள் 80 பவுண்டு போட்டால் அரசு 20 சேர்த்து 100 ஆக்கும். ஆனால் 40 சதவீத அடுக்கில் இருப்பவர் மீதிச் சலுகையைத் தானே விண்ணப்பித்து வாங்க வேண்டும், கேட்காவிட்டால் வராது. இன்னொரு வகையில் வரி பிடிக்குமுன்பே சம்பளத்திலிருந்து போய்விடும், எதையும் கேட்க வேண்டியதில்லை. சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு நிறுவனத்தையே போடச் சொல்லும் முறையும் உண்டு, நம் கார்ப்பரேட் என்.பி.எஸ்.-க்கு ஒன்றுவிட்ட அண்ணன். ஒரு வித்தியாசம்: அங்கே எடுக்கும்போது கால் பங்குக்குத்தான் பொதுவாக வரி இல்லை, மீதி வருமானம். நம் பி.எஃப். அந்த விஷயத்தில் பிரிட்டிஷாரைவிடத் தாராளம்.

எப்போது கேட்க வேண்டும்?

வரி முறையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு, தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரருக்கு வருடா வருடம் உண்டு. ஆபீஸில் ஒன்றைச் சொல்லிவிட்டு, ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்யும்போது மாற்றிக்கொள்ளவும் முடியும், கெடுவுக்குள் தாக்கல் செய்தால். ஆனால் நிறுவனத்தின் என்.பி.எஸ். பங்குக்கு அந்தப் பின்கதவு கிடையாது. அந்த வருடத்துக்குள் நிறுவனத்தின் கையால் போயிருந்தால்தான் கழிவு. ஜூலையில் ஆடிட்டரிடம் அழுது பயனில்லை. ஜூனில் படிவம் 16 வந்ததும், பகுதி ‘பி’-யில் நிறுவனத்தின் என்.பி.எஸ். தொகை கழிவுப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். சம்பளத்தில் சேர்த்துவிட்டுக் கழிக்க மறப்பது நடக்கிற தவறுதான்.

புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. இருபது வருடமாக வாயில் ஊறிய எண்களை மறந்து 80சி-யை 123 என்று சொல்லப் பழக வேண்டும். எண்கள் மாறினாலும் உங்கள் சம்பளச் சீட்டில் கேட்க வேண்டிய கேள்வி மாறவில்லை.

மாடி வீட்டுப் பெண் இரண்டாவது வேலையை ஒப்புக்கொண்டாள். அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம்தான். நீங்கள் வேறொரு கம்பெனியில் இருக்கிறீர்கள், ஆஃபர் கடிதம் எங்கோ பழைய மின்னஞ்சலில் கிடக்கிறது. பரவாயில்லை. நாளை காலை எச்.ஆர்.-க்கு இரண்டு வரி எழுதுங்கள்: “என் பி.எஃப். முழு பேசிக்கின்மேல் போகிறதா? நம் நிறுவனத்தில் கார்ப்பரேட் என்.பி.எஸ். உண்டா, இருந்தால் எந்த மாதத்தில் சேரலாம்?” பதில் வருவதற்குள், வரி எவ்வளவு குறையும் என்று உங்கள் பேசிக்கை வைத்து நீங்களே போட்டுப் பார்த்துவிடலாம்.